வழிப்பறி வழக்கில் தம்பி சிறையில்: குடும்பம் இப்போது செய்ய வேண்டியவை

நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் பதிலும் தவறாகிவிடும். தம்பிக்கு 22 வயது. செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்குச் சீருடை இல்லாத நான்கு பேர் வந்து, விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். புதன்கிழமை முழுவதும் அவர் எந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. வியாழன் மாலை நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தி, ரிமாண்ட் செய்து சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். நடந்து சென்ற ஒரு பெண்ணிடம் கத்தியைக் காட்டி இரண்டு பவுன் சங்கிலியையும் ஒரு கைப்பேசியையும் பறித்ததாக வழக்கு. எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், மூன்று பேர். பைக்கை ஓட்டியவர் என்று உங்கள் தம்பியை மூன்றாவது எதிரியாகச் சேர்த்திருக்கிறார்கள். பிரிவுகள், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 309(4), 311. "நான் அங்கே போகவே இல்லை, அக்கா" என்கிறார் அவர். அக்கம்பக்கத்தில் எல்லாரும் "கத்தி வழக்கு, ஏழு வருடம் உறுதி" என்கிறார்கள்.

உறுதி என்று சொல்கிறவர்கள் சட்டத்தைப் படிக்காதவர்கள். நான் மாவட்ட நீதிமன்றங்களில் நீண்ட காலமாகக் குற்ற வழக்குகளை எதிரிகள் தரப்பில் நடத்தி வருகிறேன். வழிப்பறி வழக்கு ஒரு முக்காலி. ஆளை அடையாளம் காட்டுவது ஒரு கால், பொருளை மீட்டது ஒரு கால், ஆயுதம் ஒரு கால். மூன்றும் செய்யப்படுவது கைதான முதல் இரண்டு வாரங்களுக்குள். சாட்சி கூண்டில் ஏறுவதோ எத்தனையோ மாதங்கள், சில வழக்குகளில் ஆண்டுகள் கழித்து. அன்றைக்கு உங்கள் வழக்கறிஞர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வேண்டிய சான்றுகள் இந்த வாரம் மட்டுமே கையில் கிடைக்கும். அதனால்தான் பிணையை (ஜாமீனை) பற்றிப் பேசுவதற்கு முன் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். செவ்வாய் இரவு யார் கதவைத் தட்டினார்கள், எத்தனை மணி, என்ன வண்டி, பதிவு எண் நினைவிருக்கிறதா, எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார், புதனன்று நீங்கள் எந்தெந்த நிலையத்துக்குப் போனீர்கள், யாருக்குப் போன் செய்தீர்கள் என்று மணி வாரியாக எழுதுங்கள். பத்து நாள் போனால் புதனும் வியாழனும் குழம்பிவிடும். எழுதி முடித்ததும் அதன் சுருக்கத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், ரிமாண்ட் செய்த நீதிமன்றத்துக்கும், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். என் சீனியர் காலத்தில், ஆளைப் பிடித்துப் போன அன்றிரவே குடும்பத்தாரைத் தந்தி அலுவலகத்துக்கு ஓடச் சொல்வார்கள். தந்தியில் விழுந்த நேர முத்திரையை எந்த ஆய்வாளராலும் மாற்ற முடியாது. 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோயிற்று. இன்று அந்த முத்திரையின் வேலையைச் செய்வது மின்னஞ்சலும், 112க்கு நீங்கள் செய்த அழைப்பும், உங்கள் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலும்தான்.

நேரத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? கைது அறிக்கையை வாங்கிப் பாருங்கள். "வியாழன் அதிகாலை வாகனச் சோதனையின்போது சந்தேகத்துக்கிடமான முறையில் வந்தவரைப் பிடித்து விசாரித்ததில்" என்று எழுதியிருக்க வாய்ப்பு மிக அதிகம். இந்த வாக்கியத்தை நான் நூற்றுக்கணக்கான வழக்குக் கட்டுகளில் படித்திருக்கிறேன். செவ்வாய் இரவே வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள் என்பதை நிலைநாட்டிவிட்டால், இரண்டு காரியங்கள் நடக்கின்றன. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியலமைப்பின் 22ஆவது பிரிவும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58ஆவது பிரிவும் மீறப்பட்டது வெளிப்படுகிறது. அதைவிடப் பெரியது, கைது நடந்த இடமும் நேரமும் பொய் என்றால், அதற்குப் பிறகு எழுதப்பட்ட வாக்குமூலம், மீட்பு மகஜர் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் தாள்) எல்லாவற்றின் மேலும் ஐயம் விழுகிறது. உங்கள் தெருவில் உள்ள கடைகளின் கண்காணிப்புக் கேமரா பதிவை நாளையே கேளுங்கள். பல கடைகளில் இரண்டு மூன்று வாரத்தில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். கடைக்காரர் தயங்கினால், அந்தப் பதிவை அழியாமல் வைத்திருக்கவும் வரவழைக்கவும் அதே நடைமுறைச் சட்டத்தின் 94ஆவது பிரிவின்கீழ் வழக்கறிஞரை மனுப் போடச் சொல்லுங்கள். சம்பவ நேரத்தில் தம்பி வேறிடத்தில் இருந்தார் என்றால் அங்குள்ள கேமராவும் அதே அளவு அவசரம். காவல் நிலையங்களிலேயே கேமரா வைக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. புதன்கிழமைப் பதிவை அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்கலாம்.

கைதுக்கான காரணத்தைத் தம்பிக்கும், கைதான செய்தியை உங்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். நடைமுறைச் சட்டத்தின் 47, 48ஆவது பிரிவுகள் இதைச் சொல்கின்றன. காரணத்தைத் தெரிவிக்காத கைது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025இல் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் அழுத்திச் சொன்னது. ரிமாண்ட் தாளில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா, எந்த நேரத்தில் உங்களுக்குத் தகவல் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

தம்பியை அடித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தயவுசெய்து கேளுங்கள். நகைத் திருட்டு விசாரணை என்ற பெயரில் தமிழ்நாட்டில் நடந்தவை நமக்குத் தெரியாதவை அல்ல. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாகண்ணு என்பவர் இறந்தது நகைத் திருட்டுச் சந்தேகத்தில்தான். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகை காணாமல் போன புகாரில் விசாரணைக்கு உட்படுத்தப்பட்ட கோயில் காவலாளி உயிரிழந்து, அந்த வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், காயங்களை எழுத வேண்டும் என்பது நடைமுறைச் சட்டத்தின் 53ஆவது பிரிவு. நடுவர் முன் தம்பி பயத்தில் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த ரிமாண்ட் நீட்டிப்பின்போது சொல்லலாம்; சிறை மருத்துவரிடம் இன்றே சொல்லலாம். சிறையில் சேர்க்கும்போது உடலில் உள்ள காயங்களைப் பதிவு செய்வார்கள், அந்தப் பதிவை வழக்கறிஞர் மனுப் போட்டு வரவழைக்கட்டும்.

இனி "ஏழு வருடம் உறுதி" என்ற பேச்சுக்கு வருகிறேன். 309 என்பது வழிப்பறி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 390, 392. வெறும் திருட்டு எப்போது வழிப்பறியாகிறது? பொருளை எடுப்பதற்காகவோ எடுத்துக்கொண்டு போவதற்காகவோ, ஒருவரைக் காயப்படுத்தினால், தடுத்து நிறுத்தினால், அல்லது அவை உடனே நடக்கும் என்ற அச்சத்தை உண்டாக்கினால். தண்டனை பத்து ஆண்டுகள் வரை. நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் இடையில் என்றால் 14 ஆண்டுகள் வரை. "வரை" என்பதைக் கவனியுங்கள், குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. ஏழு ஆண்டுகள் என்ற குறைந்தபட்சம் வருவது 311இல், அதாவது பழைய 397இல். வழிப்பறியின்போது "குற்றவாளி" கொலைக்கருவியைப் பயன்படுத்தினால், கொடுங்காயம் விளைவித்தால், அல்லது அவ்வாறு விளைவிக்கவோ உயிரைப் போக்கவோ முயன்றால், தண்டனை ஏழு ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது என்கிறது அது.

இந்த இடத்தில்தான் உங்கள் தம்பியின் வழக்கு திரும்புகிறது. அந்தப் பிரிவில் வரும் "குற்றவாளி" யார்? கத்தியை எடுத்தவர் மட்டும்தான் என்பது 1975இல் பூல் குமார் வழக்கிலிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை. தமிழ்நாட்டிலிருந்து போன கணேசன் வழக்கில் 2021இல் அதையே மறுபடியும் சொல்லி, ஆயுதத்தைப் பயன்படுத்தாதவருக்கு 397இன்கீழ் கொடுத்த தண்டனையை ரத்து செய்தது. ஒரே எண்ணத்தோடு சேர்ந்து செய்தால் எல்லாரும் பொறுப்பு என்கிற "பொது எண்ணம்" விதியைக் கொண்டுவந்து, கூட இருந்தவர் தலையிலும் ஏழு ஆண்டைக் கட்ட முடியாது. எனவே காவல்துறை சொல்வது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பைக்கில் காத்திருந்தவருக்கு 309 பொருந்தலாம், 311 பொருந்தாது. குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே இதை எழுப்ப வேண்டும். சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனுவுக்குப் புதிய சட்டத்தில் 60 நாள் கெடு வந்திருப்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அதே பூல் குமார் தீர்ப்பின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கத்தியால் குத்தினால்தான் "பயன்படுத்தியது" என்று அர்த்தம் இல்லை. எதிரில் இருப்பவர் பார்க்கும்படி கையில் வைத்து மிரட்டினாலே போதும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே கத்தியைக் காட்டியதாகச் சொல்லப்படுபவரின் குடும்பம் உங்களிடம் வந்து ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவருடைய நலனும் உங்கள் தம்பியின் நலனும் இந்த வழக்கில் ஒன்றல்ல.

கத்தி என்ற சொல் எப்போது வழக்குக்குள் நுழைந்தது என்று பாருங்கள். சங்கிலியைப் பறிகொடுத்த பெண் முதல் நாள் கொடுத்த புகாரில் கத்தி இருக்கிறதா, பிறகு விசாரணை அதிகாரி பதிந்த வாக்குமூலத்தில்தான் முளைக்கிறதா? புகாரிலேயே கத்தி இல்லை, பின்னால் வந்து சட்டென்று அறுத்துக்கொண்டு ஓடினார்கள் என்று இருந்தால், வாதம் இன்னும் கீழே இறங்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் "பறித்தல்" என்று 304ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் வரைதான். பழைய சட்டத்தில் இப்படி ஒரு நடுப்படி இல்லாததால் சங்கிலிப் பறிப்பு பெரும்பாலும் நேராக 392இல் போய் விழுந்தது. இன்றும் பல நிலையங்களில் பழக்கத்தால் 309 போடுகிறார்கள். கழுத்தில் காயம் ஏற்பட்டதா, மருத்துவச் சான்று இருக்கிறதா என்பதைப் பொறுத்து இந்த வாதத்தின் பலம் மாறும்.

சாட்சி ஆளைச் சுட்டிக்காட்டும் அடையாள அணிவகுப்பு நடந்துவிட்டதா என்று உடனே விசாரியுங்கள். புகாரில் "அடையாளம் தெரியாத மூன்று நபர்கள்" என்று இருந்தால், இந்த வழக்கின் உயிர் அங்கேதான். வழக்கமாகச் சிறைக்குள், நீதித்துறை நடுவர் ஒருவர் முன்னிலையில், ஒத்த வயதும் தோற்றமும் உள்ள பலருக்கு நடுவே நிறுத்தி நடத்துவார்கள். முன்பின் தெரியாத ஒருவரை அணிவகுப்பு இல்லாமல் முதல் முறையாக நீதிமன்றக் கூண்டில் பார்த்து "இவர்தான்" என்று காட்டுவதற்குப் பொதுவாக மதிப்பு இல்லை. 1979இல் கேரள வழக்கு ஒன்றில், கண்ணன் என்பவருடையது, உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அணிவகுப்புக்கு முன்பே நிலையத்தில் வைத்துக் காட்டியிருந்தாலோ, கைப்பேசியில் படத்தை அனுப்பியிருந்தாலோ, பத்திரிகையில் முகம் வந்திருந்தாலோ அந்த அணிவகுப்பு மதிப்பிழக்கிறது. உள்ளூர்ச் செய்திகளில், வாட்ஸ்அப் குழுக்களில் தம்பியின் படம் வந்திருந்தால் தேதி தெரியும்படி சேமித்து வையுங்கள். தம்பியிடம் சொல்லி வைக்க வேண்டியது ஒன்று உண்டு. அணிவகுப்புக்கு வர மறுக்கக் கூடாது, மறுத்தால் அதையே எதிராகத் திருப்புவார்கள். போய் நிற்கட்டும். "இந்தச் சாட்சிக்கு என்னை நிலையத்தில் ஏற்கெனவே காட்டினார்கள்" என்பது உண்மையானால், அதை அங்கே இருக்கும் நடுவரிடம் சொல்லிப் பதிவு செய்யக் கேட்கட்டும்.

அடுத்தது மீட்பு. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிற்காது.

காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆவது பிரிவிலும் அப்படித்தான். தம்பி பத்துப் பக்கம் ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சான்றாகும். பழைய 27ஆவது பிரிவு இது. ஆங்கிலேயர் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் போட்ட எல்லை இன்றும் நிற்கிறது. "சங்கிலியை இன்ன இடத்தில் மறைத்து வைத்திருக்கிறேன்" என்பது வரும்; "அந்தப் பெண்ணிடம் பறித்த" என்பது வராது. வெறும் இந்த ஒரு விலக்கின் மேல்தான் தமிழ்நாட்டில் பெரும்பாலான திருட்டு, வழிப்பறி வழக்குகள் நிற்கின்றன. கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சி. அவர்கள் முன்னிலையில் வாக்குமூலம். அங்கிருந்து ஜீப்பில் போய் முள்காட்டிலோ வாய்க்கால் ஓரத்திலோ பொருளை எடுத்துக் கொடுத்தார், கைப்பற்றினோம் என்று மகஜர்.

நான் நடத்திய ஒரு வழக்கில் மீட்பு மகஜரில் காலை 10 மணி என்று இருந்தது. தேதியைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறுத்தியது. அது கிராமக் கணக்குகளைத் தாலுகாவில் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடக்கும் காலம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியதில், அந்தக் கிராமத்தின் கணக்குகள் தணிக்கைக்கு வந்த நாளே அன்றுதான். கிராம நிர்வாக அலுவலர் காலை முதல் தாலுகா அலுவலகத்தில் கணக்குகளோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். கூண்டில் அவரிடம் அந்தத் தாளைக் காட்டியதும், மகஜரில் மாலையில் வந்து கையெழுத்திட்டதாகச் சொல்லிவிட்டார். மீட்பு போயிற்று, அதோடு வழக்கும் போயிற்று. இதைச் சொல்வது உங்கள் வழக்கிலும் ஜமாபந்தி இருக்கும் என்பதற்காக அல்ல. மகஜரில் உள்ள ஒவ்வொரு நேரத்தையும், ஒவ்வொரு பெயரையும் சோதிக்க வேண்டும் என்பதற்காக. இப்போது ஒரு புதிய பிடியும் கிடைத்திருக்கிறது. தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவு. அந்தப் பதிவு எங்கே என்பது உங்கள் வழக்கறிஞரின் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கட்டும். பதிவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்.

பொருள் அதேதானா என்பதும் முக்கியம். இரண்டு பவுனில் ஒரே மாதிரி சங்கிலி ஆயிரக்கணக்கில் விற்கின்றன. புகார்தாரரிடம் ரசீது உண்டா, அடையாளமாகச் சொல்லக் கொக்கியோ முத்திரையோ பற்றவைத்த இடமோ உண்டா? உருக்கிய கட்டியாக மீட்டிருந்தால் அது யாருடைய தங்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. அடகுக் கடையில் மீட்டதாக இருந்தால் அந்தக் கடைப் பேரேட்டில் எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று பார்க்க வேண்டும். கைப்பேசியைப் பொறுத்தவரை ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண் பேசிவிடும், அதில் வாதாட இடம் குறைவு.

திருட்டுப் பொருள் ஒருவரிடம் சம்பவத்துக்குப் பிறகு விரைவில் இருந்தால், அவர் திருடியவராகவோ, தெரிந்தே வாங்கியவராகவோ இருக்கலாம் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சாக்ஷிய அதினியத்தின் 119ஆவது பிரிவின் எடுத்துக்காட்டு அது. "விரைவில்" என்பதற்கு நாள் கணக்குக் கிடையாது. எளிதில் கைமாறும் கைப்பேசி மூன்று மாதம் கழித்துக் கிடைத்தால் ஊகம் வலுவிழக்கிறது. பொருள் இருந்தது என்பது மட்டுமே நிரூபணமானால், தண்டனை நியாய சன்ஹிதாவின் 317(2)இன்கீழ் மூன்று ஆண்டு வரையான குற்றத்துக்குச் சுருங்க வாய்ப்பு உண்டு. வீட்டில் அடகு ரசீதோ சந்தேகமான பொருளோ இருந்தால் கிழிக்கவோ எறியவோ செய்யாதீர்கள். அது உங்களையே குற்றவாளியாக்கும். வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

பிணை. 309 பிணையில் விடத்தகாத குற்றம், 311 சேர்ந்தால் அமர்வு நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய வழக்கு. அதனால் நடுவர் மறுத்துவிடுவது வழக்கம். அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்தில் நடைமுறைச் சட்டத்தின் 483இன்கீழ் போட வேண்டும். முதல் மனு தள்ளுபடியானதும் குடும்பங்கள் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். மீட்பும் அணிவகுப்பும் முடியாத நிலையில் முதல் வாரத்தில் போடும் மனு பெரும்பாலும் தள்ளுபடியாகும். அவை முடிந்த பிறகு அதே நீதிமன்றம் கொடுக்க வாய்ப்பு உண்டு. காவல்துறைக் காவல் கேட்டு மனு வந்தால் எதிர்க்க வேண்டும். பழைய சட்டத்தில் முதல் 15 நாட்களோடு அந்த ஆபத்து முடிந்தது. இப்போது அந்த 15 நாளைத் துண்டு துண்டாக, முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்க நடைமுறைச் சட்டத்தின் 187ஆவது பிரிவு இடம் தருகிறது.

பிணையாட்களாக இரண்டு பேர், வீட்டு வரி ரசீது, ஆதார், புகைப்படம் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வையுங்கள். உத்தரவு கிடைத்தும் பிணையாள் இல்லாமல் வாரக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் ஏராளம். ஒரு மாதத்துக்குள் பிணையாள் தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. தினமும் காலை 10.30க்கு நிலையத்தில் கையெழுத்து என்று நிபந்தனை வந்தால் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

நாட்காட்டியில் ரிமாண்ட் தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். அந்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். மார்ச் 3 ரிமாண்ட் என்றால் 60ஆவது நாள் மே 1. அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் மே 2 காலையிலேயே பிணை உரிமையாகிறது. அங்கே நீதிபதியின் விருப்புவெறுப்புக்கு இடமில்லை. ஆனால் கேட்க வேண்டும், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் கேட்க வேண்டும். மாலை வரை காத்திருந்தால் அதற்குள் தாக்கல் செய்துவிடுவார்கள். ஏழு ஆண்டு, பத்து ஆண்டு என்று காட்டி 90 நாள் அவகாசம் உண்டென்று அரசுத் தரப்பு சொல்லும். குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டாக இருந்தால்தான் 90 நாள் என்று 2017இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் பழைய சட்டத்துக்குப் பொருள் சொன்னார்கள். புதிய சட்டத்தில் சொற்கள் சற்று மாறியிருந்தாலும் அதே வாதத்தை வைக்க வேண்டும். காயம் விளைவித்ததாக 309(6) சேர்க்கப்பட்டிருந்தால், அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு என்பதால் 90 நாள்தான். கொரோனா ஊரடங்கில் நீதிமன்றமே மூடிக்கிடந்தபோதும் இந்த உரிமை மங்கவில்லை. மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கில், எஸ். காசி என்பவருக்காக, 2020இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது.

இரண்டு ஆபத்துகளுக்கு ஆயத்தமாக இருங்கள். ஒன்று, பி.டி. வாரண்ட், அதாவது சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் உத்தரவு. கண்டுபிடிக்கப்படாத பழைய வழக்குகளில் எல்லாம் சிறையில் இருப்பவரைச் சேர்ப்பது. ஒவ்வொரு வழக்குக்கும் தனி ரிமாண்ட், தனி நாள் கணக்கு. ஒன்றில் பிணை வாங்கி மற்றொன்றை மறந்தால் ஆள் வெளியே வர முடியாது. குறவர், இருளர் சமூகத்துப் பிள்ளைகள் மேல் இந்தச் சுமை எப்போதும் அதிகம் விழுகிறது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது, அதைப் பயன்படுத்திய மனப்பழக்கம் சில இடங்களில் ஒழியவில்லை. உங்கள் குடும்பம் அந்தச் சமூகங்களைச் சேர்ந்ததானால் இந்த வாரமே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

மற்றது குண்டர் சட்டம், 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாடு சட்டம். பிணை கிடைக்கும் நிலை வரும்போது ஆட்சியரோ காவல் ஆணையரோ ஓராண்டு வரை தடுப்புக் காவல் உத்தரவு போடலாம். கத்தி காட்டிப் பணம் பறித்ததாக ஒரு வழக்கு, அதை அடிப்படையாக வைத்து உத்தரவு என்பது இங்கே பழகிப்போன வடிவம். உத்தரவு வந்தால் ஐந்து நாட்களுக்குள் காரணங்களைத் தர வேண்டும், பன்னிரண்டு நாட்களுக்குள் அரசு ஒப்ப வேண்டும், மூன்று வாரத்துக்குள் தடுப்புக் காவல் தேவையா என்று ஆராயும் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும். தாள் கையில் கிடைத்த அன்றே முறையீட்டுக் கடிதம் அனுப்புங்கள். அதைப் பரிசீலிப்பதில் அரசு செய்யும் தாமதம், தமிழில் தரப்படாத ஆவணங்கள், பிணையில் வந்துவிடுவார் என்று காரணமில்லாமல் எழுதியது ஆகியவற்றுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் ஆட்கொணர்வு மனுக்களில் உத்தரவுகள் தொடர்ந்து ரத்தாகி வருகின்றன. கடைசியாகச் சொன்ன காரணத்துக்கு 2011இன் ரேகா வழக்குத் தீர்ப்பு துணை.

இளையோருக்கான சட்டம் உங்கள் தம்பிக்கு 22 என்பதால் பொருந்தாது, ஆனால் மற்ற இரண்டு பேரில் யாருக்காவது சம்பவ நாளில் 18 நிறைவடையவில்லை என்றால், பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ காட்டி எந்தக் கட்டத்திலும் சொல்லலாம். இளையோர் விஷயத்தில் 311 என்ற ஒரே பிரிவு, குறைந்தபட்சம் ஏழாண்டு என்பதால், வழக்கையே கொடுங்குற்ற வகைக்குத் தள்ளிவிடும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று கடைசி வரியில் வெட்கத்தோடு எழுதியிருந்தீர்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு தரும் உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும்; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நீதிமன்ற வாசலில் நின்று "அதிகாரியிடம் பேசிப் பிரிவைக் குறைத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புகார் கொடுத்த பெண்ணின் வீட்டுக்கும் போகாதீர்கள். வழிப்பறி சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் இல்லை. சாட்சியை மிரட்டினார்கள் என்று பிணை ரத்தாவதுதான் மிஞ்சும். அவரும் கழுத்தில் கை விழுந்த அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளாதவர்.

தம்பி உண்மையில் அந்தப் பைக்கில் இருந்தார் என்றால்? அப்போதும் மேலே எழுதியவற்றில் பெரும்பகுதி பொருந்தும். செய்ததற்குமேல் தண்டனை வராமல் காப்பதும் எதிர்வாதத்தின் வேலைதான். 311 விழுந்து 309 மட்டும் நின்றால் குறைந்தபட்சத் தண்டனை இல்லை. முதல் குற்றம், வயது, குடும்பநிலை எல்லாவற்றையும் நீதிபதி பார்க்க முடியும். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின்பேரில் விட இடம் தரும் 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தைக்கூடக் கேட்டுப் பார்க்கலாம். சிறையில் இருந்த நாட்களும் தண்டனையிலிருந்து கழிக்கப்படும். ஆனால் இல்லாத சாட்சியை உருவாக்கி "எங்கள் வீட்டு விசேஷத்தில் இருந்தான்" என்று சொல்ல வைக்காதீர்கள். கைப்பேசி கோபுரப் பதிவு ஒன்று வந்து அதைப் பொய்யாக்கினால், பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

அடுத்த நேர்காணலுக்கு எப்போது போகிறீர்கள் என்று தெரியவில்லை. ஆதார் அட்டையையும், வழக்கறிஞரை நியமிக்கும் வக்காலத்துப் படிவத்தையும் கையில் கொண்டுபோங்கள். தம்பியின் கையெழுத்தைச் சிறை அலுவலர் சான்றளித்துத் தருவார். கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பத்துக் குடும்பம் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை வழக்கறிஞர் தனியாகக் கேட்கட்டும். நீங்கள் கேட்க வேண்டியது மூன்றுதான். உடம்பில் எங்காவது வலி இருக்கிறதா, இதுவரை யாராவது சாட்சியை அவருக்கு முன் கொண்டுவந்து காட்டினார்களா, எந்தத் தாளிலாவது கையெழுத்து வாங்கினார்களா. பதிலை வெளியே வந்ததும், வாசல் மரத்தடியில் உட்கார்ந்தே அந்த நோட்டில் எழுதிவிடுங்கள்.